எலும்பும் இரும்பும் – 14: 95 டிகிரி

1967-இல் அமெரிக்காவின் எலும்பு, மூட்டு அறுவை இதழில் ஒரு கட்டுரை வந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்த 110 முறிவுகளின் கணக்கு அது. எழுதிய மூவரில் முதல்வர் நியூயார்க்கின் சார்லஸ் நியர். (பெயரை ‘நீர்’ என்றுதான் ஒலிக்க வேண்டும். நம் காதில் தண்ணீராக விழுந்துவிடும் என்பதால் நியர் என்றே எழுதிக்கொள்கிறேன்.) தோள்மூட்டு வைத்தியத்தில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லாமல் பாடம் தொடங்குவதில்லை. அப்பேர்ப்பட்டவர் முழங்கால் பக்கம் வந்து சொன்னது இது: கத்தி வைக்காமல் எடை கட்டி இழுத்துப் படுக்கவைத்தவர்களில் 90 சதவீதம் பேர் திருப்தியாகத் தேறினார்கள், அறுத்து உலோகம் வைத்தவர்களில் 52 சதவீதம்தான். இந்த இடத்து முறிவுகளில் எந்த வகையும் உலோகம் வைத்துப் பொருத்துவதற்குத் தோதானதாகத் தெரியவில்லை என்று கட்டுரை கதவைச் சாத்திவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டூவர்ட்டும் உடனிருந்தவர்களும் 213 நோயாளிகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அங்கே 67 சதவீதத்துக்கு 54. அதிலும் படுக்கைக்கே வெற்றி.

நியரின் கட்டுரைக்கு ஏழு ஆண்டு கழித்து, 1974-இல், டொராண்டோவிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. 71 முறிவுகள். அறுவை செய்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு நல்ல பலன். படுக்கவைத்தவர்களில் 32 சதவீதம். அப்படியே தலைகீழ்! ஏழு ஆண்டில் மனிதனின் தொடை எலும்பு மாறிவிடவில்லை. மாறியது என்ன என்பதைத் தேடிப் போனால் அமெரிக்காவையும் கனடாவையும் விட்டு, சுவிட்சர்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் முறிந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். தொடை எலும்பு நடுவில் உருண்டையான குழாய். கீழே இறங்க இறங்க அகன்று, முழங்காலுக்கு மேலே இரண்டு குமிழ்களாகப் பிரிகிறது. நடுக்குழாயின் சுவர் கெட்டி. கீழ்முனையின் சுவர் மெல்லியது, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. கெட்டிக் குழாய் மெல்லிய கூட்டோடு சேரும் அந்தக் கழுத்தில்தான் முறிவு விழுகிறது. பைக்கில் போய் மோதியவருக்குக் குமிழ்களும் நடுவில் பிளந்து மூட்டுக்குள்ளேயே விரிசல் இறங்கிவிடும். வயதான பாட்டிக்கோ, குளியலறையில் வழுக்கி விழுந்தாலே போதும்.

முறிந்த துண்டு முறிந்த இடத்தில் இருக்காது என்பது அடுத்த தொல்லை. கெண்டைக்கால் தசையின் வேர் அந்தக் குமிழ்களின் முதுகில்தான் இருக்கிறது. எலும்பு விட்டுக்கொடுத்த கணத்திலேயே அது கீழ்த்துண்டைப் பின்பக்கமாகச் சாய்த்துவிடும். பின்னால், முழங்கால் குழியில், காலுக்கே இரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. உள்தொடைத் தசைகள் தங்கள் பங்குக்கு ஒரு பக்கமாக வளைக்கும்.

இதை எடை கட்டி இழுத்தால் நீளம் ஓரளவு சரியாகும். முழங்காலுக்குக் கீழே காலெலும்பின் குறுக்கே கம்பி செருகி, கயிறு கட்டி, கப்பி வழியாக எடை தொங்கவிட்டுப் பல வாரங்கள் அப்படியே படுத்திருக்க வேண்டும். பிறகு மாவுக்கட்டு. எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். முழங்கால்தான் திரும்பி வராது. அசையாமல் கிடந்த மூட்டு இறுகும், தொடைத் தசை சூம்பும், தோல் பளபளத்து மெலியும். எலும்பு முறிவுக்குப் பார்த்த வைத்தியத்தால் வந்த இந்த நோய்க்கு ‘முறிவு நோய்’ என்றே பெயர் உண்டு. நாற்காலியில் உட்காரும் ஊரில் அதோடு வாழ்ந்துவிடலாம். சம்மணமிட்டுச் சாப்பிடும் ஊரில் அதை ‘திருப்தி’ என்று எழுதிக்கொள்ள முடியுமா என்பது என் சந்தேகம்.

அறுத்து உலோகம் வைப்பது 1967-இல் புதுசு ஒன்றும் இல்லை. ஹாம்பர்க்கின் ஹான்ஸ்மன் 1886-லேயே தகடு வைத்தது பற்றி எழுதிவிட்டார். தகட்டின் ஒரு முனையையும் திருகாணிகளின் தண்டுகளையும் தோலுக்கு வெளியே நீட்டி விட்டிருந்தார், சில வாரம் கழித்து உருவி எடுக்க வசதியாக. லண்டனில் ஆர்பத்நாட் லேன் எஃகுத் தகடு வைத்தார். விரல் படாமல் கருவியாலேயே எல்லாம் செய்யும் அவருடைய கண்டிப்பு பெயர்பெற்றது, ஆனால் தகடு துருப்பிடித்தது. ஆண்ட்வெர்ப்பில் ஆல்பன் லம்போட் தன் கருவிகளைத் தானே செய்துகொண்டார், ஓய்வில் வயலினும் செய்தார். பிட்ஸ்பர்க்கில் கார்னகி எஃகு ஆலையின் மருத்துவர் ஷெர்மன், 1912-இல் வனேடியம் கலந்த எஃகுக்கு மாறினார். எஃகு ஆலைக்காரருக்கு எஃகு தெரியாதா! 1937-இல் வெனபிளும் ஸ்டக்கும், இரண்டு வேறு உலோகங்களை உடம்புக்குள் சேர்த்து வைத்தால் உப்புநீரில் மின்கலம் போல வேலைசெய்து எலும்பை அரிக்கும் என்று காட்டினார்கள். தகடு ஒரு உலோகம், திருகாணி இன்னொரு உலோகம் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துத் தைத்துவிட்டு, சீழ் வந்ததும் நோயாளியைக் குறை சொன்ன காலம் ஒன்று இருந்தது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நம் கதைக்கு வேண்டியவர் இவர்களுக்குப் பின் வந்த பெல்ஜியக்காரர், பிரஸ்ஸல்ஸின் ராபர்ட் டானிஸ். முறிந்த இரண்டு முனைகளையும் தகட்டால் நெருக்கி அழுத்திப் பிடித்தால், முறிவைச் சுற்றிக் கட்டி போலப் புது எலும்பு திரளாமலேயே முனைகள் நேரடியாகக் கூடிவிடுவதை எக்ஸ்ரேயில் பார்த்தார். அந்தத் திரட்சிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் காலஸ். அதுவரை காலஸ் தெரிந்தால் எலும்பு கூடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். டானிஸின் 1949 நூலுக்குப் பிறகு, காலஸ் தெரிந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது, வேலை சுத்தமில்லை என்று எண்ணும் ஒரு தலைமுறை உருவானது.

1950 மார்ச் மாதத்தில் அவரைப் பார்க்க ஒரு சுவிஸ் இளைஞர் போனார். மாரிஸ் முல்லர், வயது 31. அங்கே பார்த்தது அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. (இந்த முல்லர் பிற்காலத்தில் சேர்த்த செல்வத்தில்தான் பெர்ன் நகரில் ஓவியர் பால் க்ளேவுக்கான அருங்காட்சியகம் 2005-இல் எழும்பியது. எலும்பில் வைத்த திருகாணி ஓவியமாகத் திரும்பி வந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.)

1958 நவம்பர் 6 அன்று பீல் என்ற ஊரின் எலிட் ஹோட்டலில் 13 அறுவை மருத்துவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். ஜெர்மன் பெயரின் சுருக்கம் ஏஓ. முல்லர், கூர் ஊரின் ஆல்கோவர், லீஸ்டாலின் வில்லனெகர், கிராஸ்ஹோக்ஸ்டெட்டனின் ஷ்னைடர் முதலியோர். பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கத்தி பிடித்தவர்கள். இவர்களோடு சேர்ந்த இரண்டு பேருக்கு வைத்தியம் தெரியாது. ஒருவர் பெட்லாக் ஊர்ப் பட்டறைக்காரர் ராபர்ட் மாத்திஸ். இன்னொருவர் வால்டன்பர்க் ஊரின் உலோக ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராமன். கைக்கடிகாரம் செய்யும் நாட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது தகடு இல்லை, பெட்டி. துளையிடும் முனை 3.2 மில்லிமீட்டர், திருகாணி 4.5 மில்லிமீட்டர், இடையில் மரை வெட்டும் கருவி, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அடுக்கிய பெட்டி. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் திறந்தாலும் அதே பெட்டி. பெட்டி மட்டும் போதாது, கையும் பழக வேண்டும் என்று 1960 டிசம்பரில் டாவோஸில் வகுப்பு வைத்தார்கள். எலும்பையும் கருவியையும் கையில் கொடுத்து, துளையிடு, திருகு, தப்பா, மறுபடி செய் என்றார்கள். தலைநரைத்த அறுவை மருத்துவர்களை மாணவர்களாக உட்காரவைப்பது அந்தக் காலத்தில் சாமானியக் காரியமில்லை. ஒவ்வொரு அறுவையையும் படத்தோடு பதிந்து ஓரிடத்துக்கு அனுப்பவேண்டும் என்ற விதி வேறு. நல்லதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மனித குணத்துக்கு அது போட்ட கடிவாளம்.

இனி முழங்காலுக்கு வருவோம். ஏஓ குழு இந்த இடத்துக்கென்று செய்தது கோணத் தகடு. ஒரே எஃகில் அடித்த இரண்டு கை: ஒரு கை, குமிழ்களுக்குள் போய் உட்காரும் அலகு, இன்னொரு கை, எலும்பின் வெளிப்பக்கமாக மேலே ஏறும் தகடு. இரண்டுக்கும் இடையில் 95 டிகிரி. மடக்க முடியாது, நிமிர்த்த முடியாது. அந்த எண் எங்கிருந்து வந்தது? தொடை எலும்பு முழங்கால் மூட்டின் மேல் செங்குத்தாக நிற்பதில்லை, சற்றுச் சாய்ந்து நிற்கிறது. மூட்டின் கோட்டுக்கு இணையாக அலகை இறக்கிவிட்டால், எலும்பின் இயற்கையான சாய்வில் தகடு தானாக வந்து படுத்துக்கொள்ளும். அறுவை செய்பவர் கண்ணால் மதிப்பிட வேண்டிய சாய்வைப் பட்டறைக்காரர் முன்கூட்டியே எஃகில் எழுதிவைத்துவிட்டார்.

கேட்க எளிது. செய்யும்போது இப்படி: தொடையின் வெளிப்பக்கத்தை நீளமாகத் திறப்பார்கள். முதல் வேலை, பிளந்த இரண்டு குமிழ்களையும் ஒன்றாக்குவது. அருகிலுள்ள துண்டில் துளையைப் பெரிதாகவும், எதிர்ப்பக்கத் துண்டில் சிறிதாகவும் போடுவார்கள். திருகாணியின் மரை அருகில் எதையும் பிடிக்காது, எதிரில் மட்டும் பிடிக்கும். முடுக்க முடுக்க எதிர்த்துண்டு இழுபட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். மூட்டின் தளம் மயிரிழை பிசகாமல் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகே அடுத்த படி.

இரண்டாவதாக, மூட்டுக் கோட்டைக் காட்ட ஒரு மெல்லிய கம்பி, குமிழ்களின் முன்பக்கச் சரிவைக் காட்ட இன்னொன்று. இவை வழிகாட்டி. இவற்றைப் பார்த்துக்கொண்டே, மூட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் மேலே உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். இதுதான் உயிர் போகும் இடம். உளி முன்னோ பின்னோ திரும்பினால் கால் திரும்பி நிற்கும். மேலோ கீழோ சாய்ந்தால் முட்டி உள்ளேயோ வெளியேயோ வளையும். மூன்றாவது திசையில் தவறினால் முழங்கால் முழுதாக நிமிராது. மூன்று திசையிலும் ஒரே அடியில் சரியாக வர வேண்டும், ஏனென்றால் உளி வெட்டிய பள்ளத்தில்தான் அலகு போகும். இளகிய எலும்பில் இரண்டாவது பள்ளம் வெட்ட இடம் இருக்காது. போதாக்குறைக்கு, அந்தக் குமிழ்களின் குறுக்குவெட்டு சதுரமாக இருப்பதில்லை, பின்பக்கம் அகன்று முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் அலகு உள்ளேயே இருப்பது போலத் தெரியும். உள்பக்கச் சுவரைக் கிழித்து வெளியே வந்திருக்கும்.

எல்லாம் சரியாக முடிந்தால்? மாவுக்கட்டே வேண்டாம். மறுநாள் முதல் முழங்காலை மடக்கி நீட்டலாம். காலை ஊன்றத்தான் காத்திருக்க வேண்டும். அசைவே உயிர் என்பது அந்தச் சுவிஸ்காரர்களின் கட்சிப் பாட்டு.

இப்போது 1974-க்குத் திரும்பினால் புதிர் பாதி அவிழ்ந்துவிடுகிறது. டொராண்டோக் கணக்கை எழுதியவர்களில் முதல்வர் ஜோசப் ஷாட்ஸ்கர். ஏஓ குழுவின் கையேட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதாவது அவர் வழிப்போக்கர் இல்லை, கட்சிக்காரர். அதை நினைவில் வைத்துக்கொண்டே எண்களைப் படிக்க வேண்டும். இன்னொன்று: நியரின் படுக்கை 90 சதவீதம், ஷாட்ஸ்கரின் படுக்கை 32 சதவீதம். ஒரே வைத்தியம் இரண்டு ஊரில் இவ்வளவு வேறுபடுமா? அளவுகோல் வேறு. ஷாட்ஸ்கர் ‘மிக நன்று’ என்று எழுத வேண்டுமானால் முழங்கால் முழுதாக நிமிர வேண்டும், மடங்குவதில் இழப்பு 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வலி கூடாது, கோணல் கூடாது. நியரின் அளவுகோல் இவ்வளவு கண்டிப்பானது இல்லை. நோயாளி எழுந்து நடந்தாலே அதிசயம் என்ற காலத்தில் வளர்ந்த அளவுகோல் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் மதிப்பது ஷாட்ஸ்கரின் 1974 கட்டுரையைவிட 1979-இல் லாம்பர்ட் என்பவரோடு எழுதியதை. அதில் அவர் தன் கட்சிக்குள்ளேயே கத்தியை வைத்தார். 35 முறிவுகள். எல்லாமே அறுத்துத் தகடு வைத்தவை. 17 பேருக்கு விதிப்படி, அசையாமல் பிடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் 71 சதவீதம் நல்ல பலன். மீதி 18 பேருக்கு அதே பெட்டியிலிருந்து அதே தகடு, ஆனால் விதி மீறல். பலன் 21 சதவீதம். அந்த 21-ஐ முந்தைய கட்டுரையின் படுக்கைக் கணக்கான 32-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரைகுறையாகச் செய்த அறுவையைவிடப் பேசாமல் படுத்திருப்பதே மேல் என்றாகிறது. நியர் 1967-இல் கண்டது இந்த 18 பேரின் அண்ணன்மார்களைத்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் சொன்னது பொய்யில்லை. தன் காலத்து அறுவையை உள்ளபடி அளந்து சொன்னார்.

அறுவை வேண்டாதவர்களும் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் மூனியும் குழுவும் 1970-இல், மாவுக்கட்டின் முழங்கால் பகுதியில் கீல் வைத்து, நோயாளியைச் சீக்கிரம் நடக்கவிடும் முறையை வெளியிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மூட்டுக்குள் இறங்கிய விரிசலை வெளியிலிருந்து எந்தக் கட்டும் சேர்க்காது. 1980-களுக்குள் வாதம் ஓய்ந்துவிட்டது; அலகுக்குப் பதிலாகப் பருத்த திருகாணி ஒன்றை வழிகாட்டிக் கம்பியின் மேல் இறக்கும் தகடும் வந்து, உளிக்குப் பயந்தவர்களுக்கு வழிவிட்டது.

அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு கோளாறு இருந்தது. மூட்டுக்கு மேலே எலும்பு பத்துப் பதினைந்து துண்டாக நொறுங்கியிருந்தால் என்ன செய்வது? டானிஸின் சீடர்கள் ஒவ்வொரு துண்டையும் தேடிப்பிடித்து, துடைத்து, ஒட்டவைத்தார்கள். எக்ஸ்ரே பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் இரத்தம் வருவது அதில் ஒட்டிய தசையிலிருந்து. துடைத்தெடுத்ததும் அது வெறும் சில்லு. இரத்தமில்லாத எலும்பு கூடாது, சீழுக்கு மட்டும் இடம் கொடுக்கும். இடுப்பெலும்பிலிருந்து எலும்பு சுரண்டி உள்பக்கம் நிரப்பும் வழக்கம் இதைச் சமாளிக்கத்தான் வேரூன்றியது.

1989-இல் மாஸ்ட், யாக்கோப், கான்ஸ் மூவரும் எழுதிய நூல் வேறு வழியைக் காட்டியது. மூட்டின் தளத்தை மட்டும் மயிரிழை பிசகாமல் சேர்; அதற்கு மேலே நொறுங்கிய இடத்தைத் தொடாதே; நீளம், நேர், திருப்பம் மூன்றும் சரியாக இருந்தால் போதும். ஹனோவரில் கிறிஸ்டியன் கிரெட்டெக்கும் கூட்டாளிகளும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், தொடையை நீளமாகத் திறக்காமல், முழங்கால் அருகே சின்னதாகக் கீறித் தசைக்கு அடியில் எலும்பை ஒட்டியே தகட்டை மேல்நோக்கிச் சறுக்கி ஏற்றினார்கள். இறந்தவர் உடல்களில் இரண்டு முறையையும் செய்து பார்த்தபோது, சறுக்கி ஏற்றிய தொடைகளில் எலும்புக்குப் போகும் இரத்தக் குழாய்கள் தப்பியிருந்தன. திறந்து செய்ததில் அறுபட்டிருந்தன.

அடுத்தது திருகாணியின் முறை. பழைய தகடு எலும்போடு ஒட்டி நிற்பது உராய்வால். திருகாணி தகட்டை எலும்பின் மேல் இழுத்து அமுக்குகிறது. பாட்டியின் எலும்பில் அது சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஆணி போல ஆடி ஆடிக் கழன்றுவிடும். கால் மெல்ல உள்பக்கம் வளையும். 1990-களின் பிற்பகுதியில் வந்த பூட்டுத் தகட்டில் திருகாணியின் தலையிலும் மரை உண்டு, தகட்டின் துளையிலும் மரை உண்டு. தலை போய்த் துளையில் பூட்டிக்கொள்ளும். ஒரு அலகுக்குப் பதில் ஐந்தாறு சின்ன அலகு, ஒவ்வொன்றும் அசையாத கோணத்தில். தகடு எலும்பைத் தொடவே வேண்டியதில்லை. உளியும் இல்லை, மூன்று திசைப் பயமும் இல்லை. இன்று நம்மூரில் “தொடையில பிளேட் வச்சிருக்கு” என்று சொல்பவர்களில் முழங்காலுக்கு மேலே வைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் சுமப்பது இதைத்தான். (டைட்டானியத்தில் செய்தது சில வருடம் கழித்துக் கழற்ற வரும்போது தலை துளையோடு இறுகிப்போய்த் திரும்ப மறுக்கும், தியேட்டரில் அதைத் துளைத்தெடுக்கப் படும் பாடு தனிக் கதை.)

பத்து ஆண்டு போயிற்று. கூடாத எலும்புகளும் உடைந்த தகடுகளும் திரும்பி வர ஆரம்பித்தன. 2010-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பாட்லாங், லூஹான் முதலியோர் பூட்டுத் தகடு வைத்த தொடைகளின் எக்ஸ்ரேக்களை எடுத்து வைத்துக் காலஸை அளந்தார்கள். தகட்டுக்கு எதிர்ப்பக்கம், உள்பக்கமாக, காலஸ் திரண்டிருந்தது. தகட்டை ஒட்டிய வெளிப்பக்கத்தில் சொற்பம். விறைப்பான எஃகுத் தகட்டில் டைட்டானியத்தைவிடவும் குறைவு. நொறுங்கிய எலும்பு கூட வேண்டுமானால் அங்கே துளியளவு அசைவு வேண்டும். தகடு அதை முழுக்க நிறுத்திவிட்டிருந்தது. டானிஸ் குற்றமாக எண்ணிய காலஸைக் காணோமே என்று இப்போது அறுவை மருத்துவர்கள் எக்ஸ்ரே விளக்குக்கு முன்னால் நின்று தேடினார்கள்.

பாட்லாங் குழு சொன்ன மாற்று இது: நடுக்குழாயில் போகும் திருகாணி, தகட்டில் பூட்டட்டும், எலும்பின் எதிர்ச்சுவரை மட்டும் பிடிக்கட்டும். அருகிலுள்ள சுவரில் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கட்டும், நடக்கும்போது திருகாணி அந்த இடைவெளிக்குள் வளைந்து கொடுக்கும். முல்லரின் ஆட்களும் அருகில் இடம் விட்டு எதிரில் பிடிக்கும் திருகாணியைத்தான் குமிழ்களுக்குள் முடுக்கினார்கள். அவர்கள் அதைச் செய்தது துண்டுகள் அசையாமல் இறுகுவதற்காக.

(தொடரும்)